பாலையா கேட்கிறார்

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நாகேஷின் காட்சி என்றே தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. என் கணக்கில் அதில் பாதிக்கும் மேல் டி.எஸ். பாலையாவுடையது. வாயாலேயே பின்னணி ஒலியெல்லாம் எழுப்பி நாகேஷ் கிளப்பும் பயம் போய்க் குடியேறுகிற இடம் பாலையாவின் முகம். மகனுடைய சினிமாப் பைத்தியத்துக்குக் காசு தர மனமில்லாத எஸ்டேட் முதலாளியாக உட்காருகிறவர், கதை ஏற ஏறக் கண் விரிந்து, உடம்பு ஒடுங்கி, குழந்தையாகிவிடுகிறார். தண்டலத்திலிருந்து ஷிப்டுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில், உள்ளங்கை அகலத் திரையில், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் போதும்: நாகேஷ் என்ன சொல்கிறார் என்று தெரியாது, பாலையா எவ்வளவு தூரம் பயந்துவிட்டார் என்று தெரியும்.

இது இயக்குநர் ஸ்ரீதரும் படத்தொகுப்பும் செய்த வேலை என்று சொல்லலாம். எந்த முகத்தை எப்போது காட்டுவது என்பது அவர்கள் முடிவுதான். ஆனால் பயம் படிப்படியாக ஏற வேண்டுமானால் ஒவ்வொரு படியும் நடிகரிடம் இருந்தாக வேண்டும். ஒரே மிரட்சியைத் துண்டு துண்டாக ஒட்டினால் இரண்டாம் துண்டிலேயே சலித்துப்போகும். இந்த நிதானம் நாடக மேடை கொடுத்தது. எதிராளி பேசும்போது மேடையில் ஒளிய இடம் கிடையாது. கடைசி வரிசைக்காரரும் இரண்டு பேரையும் சேர்த்தே பார்க்கிறார். ஹாலிவுட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. மார்க்ஸ் சகோதரர்களின் 'த கோகநட்ஸ்' 1925-இல் பிராட்வே நாடகமாக வந்தபோதும், 1929-இல் படமானபோதும், கிரௌச்சோவின் வாய்த்துடுக்கைச் சீமாட்டியாக நின்று கேட்டவர் மார்கரெட் டுமான்ட். அவர் கௌரவம் குலையாமல் நின்றதால்தான் அந்தத் துடுக்கு எடுபட்டது. பாலையாவின் வேலை இன்னும் கடினம். அவர் கௌரவம் நம் கண்ணெதிரே குலைய வேண்டும்.

'சதி லீலாவதி' (1936) காலத்திலிருந்து வந்தவர், வில்லனாகப் பேர் வாங்கியவர். அவரை நகைச்சுவைக் கலைஞர் என்பது மிகையில்லையா? இல்லை. வில்லனும் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கணக்குப் போடுகிறவன்தான். அந்தக் கணக்குத் தப்பும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. 'திருவிளையாடல்' (1965) படத்தின் ஹேமநாத பாகவதரே சாட்சி. அதே படத்தில் நாகேஷின் தருமி புலம்பிச் சிரிக்க வைக்கிறார். பாலையாவோ விறகுவெட்டியின் பாட்டை வெறுமனே கேட்கிறார். மதுரையையே அடிமை கேட்டு வந்த வித்வச்செருக்கு கேட்கக் கேட்க முகத்தை விட்டு இறங்குகிறது. சிரிப்பதா, பாவம் என்பதா என்று நாம் தடுமாறுகிறோம். பாகவதர் விடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுவார் என்பதும் அப்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது.