ஜியோகேஷிங்: காணவில்லை என்று எழுதும் துணிவு

2000-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி நள்ளிரவில் அமெரிக்க அரசு ஒரு விசையை நிறுத்திற்று. வானில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சைகைகளில், பொதுமக்கள் பயன்படுத்தும் பகுதியில் மட்டும், வேண்டுமென்றே ஒரு பிழை அதுவரை கலக்கப்பட்டு வந்தது. எதிரி நாட்டவர் அதைக் கொண்டு துல்லியமாகக் குறி வைத்துவிடக் கூடாது என்ற இராணுவ எச்சரிக்கைதான் காரணம். அதனால் பொதுமக்களின் கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து 100 மீட்டர் வரை தள்ளி இருக்கும். அன்றைய அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி இந்தப் பிழை நீக்கப்பட்டதும், அதே கருவி ஏறத்தாழ பத்து மடங்கு துல்லியமாகிவிட்டது.

இரண்டே நாளில் இதற்கு ஒரு விளையாட்டுப் பயன் கண்டுபிடித்தார் ஒருவர். ஆரெகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகருக்கு அப்பால் பீவர்க்ரீக் என்னும் ஊரின் அருகே, கணினித் துறையைச் சேர்ந்த டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். அதற்குள் ஒரு குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் ஆகியவை இருந்தன. வாளி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை மட்டும் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் எதையாவது எடுத்துக்கொள்ளலாம். எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டனர். அந்த மாத இறுதியிலேயே 'ஜியோகேஷிங்' என்ற பெயரும் வந்துவிட்டது. செப்டம்பரில் இதற்கென ஒரு பட்டியல் தொடங்கப்பட்டபோது அதில் 75 பெட்டிகளே இருந்தன. இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் கூடுதலான பெட்டிகள் மறைந்து கிடக்கின்றன.

மறைத்து வைத்துத் தேடுவது புதிதன்று. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்னும் புல்வெளி மேட்டு நிலத்தில், 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு குட்டை அருகே புட்டியொன்றை வைத்தார். சிரமப்பட்டு அங்கு வரை நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே பெட்டி பழையது. எண் மட்டுமே புதியது.

இந்த விளையாட்டை ஆதரிப்பவர்கள் அடிக்கடி கூறும் ஒரு வாதம் உண்டு: "இது இளைஞர்களுக்கு அறிவியலைக் கற்பிக்கிறது." பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில் அந்த வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

கையிலுள்ள கருவி செய்யும் வேலை உண்மையிலேயே வியப்புக்குரியது. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சைகை நம்மை அடைய ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடிவிடும் என்பதால், நேரக் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் இடம் எங்கோ போய்விடும். நான்கு கோள்களின் சைகைகள் கிடைத்தால்தான் நீளம், அகலம், உயரம், நேரம் ஆகிய நான்கையும் கணக்கிட முடியும். அது மட்டுமன்று. கோளின் வேகத்தால் அதிலுள்ள கடிகாரம் சற்று மெதுவாக ஓடுகிறது. பூமியின் ஈர்ப்பு அங்குக் குறைவாக இருப்பதால் சற்று விரைவாகவும் ஓடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. ஐன்ஸ்டைன் கூறிய இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால், ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தூரக் கணக்கில் பிழை சேர்ந்துவிடும்.

ஆனால் இதில் எதையும் விளையாடுபவர் செய்வதில்லை. அம்புக்குறி காட்டும் திசையில் நடக்கிறார். கடிகாரம் பார்த்து மணி சொல்லத் தெரிந்தவர் ஊசலின் விதியைக் கற்றுவிட்டார் என்று நாம் சொல்ல மாட்டோம் அல்லவா?

அறிவியல் இங்கே எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், கருவி கைவிடும் இடத்தில் என்று சொல்வேன். அதாவது கடைசிப் பத்து மீட்டரில். இந்த விளையாட்டில் இடத்தைப் பாகை, கலை, கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை குறிப்பார்கள். வடக்கு-தெற்காக ஒரு கலை என்பது 1,852 மீட்டர். ஆகவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர். கருவி அவ்வளவு நுணுக்கமாக எண்ணைக் காட்டுகிறது. அவ்வளவு துல்லியமாக அதற்கு இடம் தெரியாது. திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிழை வரலாம். அடர்ந்த மரத்தின் கீழோ, பாறைச் சுவரின் அருகிலோ சைகை பட்டுத் தெறித்து வருவதால் பிழை இன்னும் வளரும். மறைத்தவரின் கருவிக்கும் இதே 5 மீட்டர் பிழை இருந்திருக்கும். இரண்டும் தொடர்பற்ற பிழைகள் என்பதால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண, 7 மீட்டர் வருகிறது. அந்த ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 150 சதுர மீட்டர். அதற்குள் விரல் நீளமே உள்ள ஒரு ஃபிலிம் டப்பாவைத் தேட வேண்டும்! அது வட்டத்துக்கு வெளியே இருக்கவும் இடமுண்டு.

அனுபவமுள்ளவர்கள் இந்த இடத்தில் கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார்கள். மறைத்தவர் எப்படிச் சிந்தித்திருப்பார் என்று யோசிக்கிறார்கள். இயற்கையாக விழுந்ததுபோல் தோன்றாத கல் எது? பட்டையின் நிறம் எங்கே மாறுகிறது? ஓர் ஊகம், ஒரு சோதனை, ஊகம் பொய்த்தால் அடுத்த ஊகம். முடிந்த அளவீட்டின் எல்லையை அறிந்து அதற்கு அப்பால் அறிவைச் செலுத்தும் இந்தப் பதினைந்து நிமிடம், பாடப்புத்தகத்தில் 'பிழைகள்' என்ற அத்தியாயத்தை நடத்தும் ஒரு வாரத்துக்கு ஈடாகும். இதை மறைக்காமல் பாராட்ட வேண்டும்.

தேடி முடித்தபின் எழுத வேண்டும். இதுதான் இந்த விளையாட்டின் உயிர்நிலை என்பது என் கருத்து. பெட்டிக்குள் இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதியவர் 'கண்டேன்' என்று பொதுப் பதிவில் குறிக்கலாம். கிடைக்காதவர் 'காணவில்லை' என்று குறிக்க வேண்டும். இரண்டாவது பதிவுக்குப் புள்ளி கிடையாது, பெருமையும் கிடையாது. ஆகவே பலர் அதை எழுதுவதில்லை.

எழுதாவிட்டால் என்ன நட்டம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். பெட்டி இடத்தில் இருந்தால், பழகிய ஒருவர் அதைக் கண்டுபிடிக்க 100-க்கு 80 வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். பெட்டி இருந்தும் ஒருவர் தவறவிட வாய்ப்பு 0.2. தனித்தனியே வந்த மூவர் தவறவிட வாய்ப்பு 0.2 × 0.2 × 0.2, அதாவது 0.008. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மூன்று பேர் நேர்மையாகக் 'காணவில்லை' என்று எழுதிவிட்டால், வெள்ளமோ நாயோ அதைக் கொண்டுபோய்விட்டது என்று மறைத்தவர் ஏறக்குறைய உறுதியாகவே அறிந்துகொள்ளலாம். மூவரும் வாய்மூடி இருந்தால், ஆறு மாதத்துக்கு முன் யாரோ மகிழ்ச்சியோடு எழுதிய 'கண்டேன்' என்பதே கடைசிச் சொல்லாக நிற்கும். நான்காமவர் பெட்ரோல் செலவழித்து வருவார். எதிர்மறை முடிவுகள் வெளியிடப்படாததால் ஆராய்ச்சி உலகமே இடர்ப்படுகிறது என்று இன்று பலரும் பேசுகிறார்கள். அதே நோய் இங்கே சிறு வடிவில் காணப்படுகிறது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. தேடியும் கிடைக்காதவர், தம் பையிலிருந்து ஒரு புதிய டப்பாவை எடுத்து, உத்தேசமாக ஓரிடத்தில் வைத்து, அதற்குள் தம் பெயரை எழுதி, 'கண்டேன்' என்று பதிந்துவிட்டுப் போகிறார். "உரிமையாளருக்கு உதவிதானே செய்தேன்" என்பது அவர் வாதம். பழைய பெட்டி பல நேரங்களில் இரண்டடி தள்ளி அப்படியே இருக்கும். பின்னால் வருபவர்களில் சிலர் இதைக் காண்பார்கள், சிலர் அதைக் காண்பார்கள்.

நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பழகியவர்களுக்கு இந்தச் செயல் அந்நியமாகத் தோன்றாது. தனி ஊசல் சோதனையில் g-யின் மதிப்பு 980-க்கு அருகே வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். அலைவு நேரத்தை அதற்கேற்பப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதும் கலை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. 940 என்று வந்ததை 940 என்றே எழுதி, நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்காததுதான் காரணமா என்று தேடுகிற மாணவரை நான் ஆண்டுக்கு ஒருவராவது சந்திக்கிறேன். அவருக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அது வேறு கட்டுரை. இங்கே சொல்ல வந்தது இதுதான்: யாரும் மேற்பார்வை பார்க்காத, பரிசுமில்லாத ஒரு பொழுதுபோக்கில் கூட மனிதர்கள் விடையை முதலில் வைத்துவிட்டுப் பிறகு அதைக் 'காண்கிறார்கள்' என்றால், குற்றம் தேர்வு முறையில் மட்டும் இல்லை.

எண்ணிக்கை மோகம் இதற்கு உரமிடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு அளவுகள் 1 முதல் 5 வரை தரப்படுகின்றன. கயிறு கட்டி இறங்க வேண்டிய செங்குத்துப் பாறையும் கார் நிறுத்துமிடத்து விளக்குக் கம்பமும் மொத்தக் கணக்கில் ஒவ்வொன்றாகவே சேர்கின்றன. மீட்டரையும் கிலோகிராமையும் கூட்டக் கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறோம்.

இந்த மோகத்தின் உச்சியை நெவாடா மாநிலத்தின் 375-ஆம் எண் நெடுஞ்சாலையில் கண்டார்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்த அளவையே அளவுகோலாக்கி, பாலைவனச் சாலையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். ஒருவர் காரோட்டுவார், ஒருவர் குதித்து ஓடுவார். இத்தகைய தடங்களில் நேரம் மிச்சப்படுத்த இன்னொரு தந்திரமும் பிறந்தது. முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு, காரில் போகும்போதே கையெழுத்திட்டு, அதை இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டு மூன்றாவதற்கு ஓடுவது! எந்த டப்பாவும் தன் இடத்தில் இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் 'கண்டு'விட்டார்கள். 2011-இல் மாநிலப் போக்குவரத்துத் துறை, சாலைப் பாதுகாப்பைக் காட்டி, அவற்றை அகற்றக் கோரிற்று. இதில் மகிழ்ச்சி காண்பவர்களைத் தடுக்க நான் யார்? நண்பர்களோடு ஒரு நாள் முழுதும் பாலைவனத்தில் சுற்றுவது நல்ல பொழுதுதான். அதைக் கண்டுபிடிப்பு என்று அழைப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

இவ்விளையாட்டின் மிகச் சிறந்த கிளை எது என்றால், பெட்டியே இல்லாத கிளை. 2004-இல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் ஆதரவில் 'எர்த்கேஷ்' தொடங்கியது. முதலாவது இடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் அமைந்தது. குறித்த இடத்துக்குப் போய் அங்குள்ள பாறை, அருவி, மணல்மேடு முதலியவற்றை உற்று நோக்கி, வினாக்களுக்கு விடை எழுதி அமைத்தவருக்கு அனுப்ப வேண்டும். எடுக்க எதுவுமில்லை, கெடுக்கவும் எதுவுமில்லை. பெட்டி வைப்பதைக் கைவிடப்பட்ட பொருளாகக் கருதும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் கூட, அனுமதி பெற்ற எர்த்கேஷை வரவேற்கின்றன.

ஆயினும் இங்கும் குறை உண்டு. நல்ல வினா, "இந்த அடுக்கின் தடிப்பைக் கையால் அளந்து சொல், மேலே போகப்போக மணி பெரிதாகிறதா, சிறிதாகிறதா?" என்று கேட்கும். மோசமான வினா, அங்குள்ள அறிவிப்புப் பலகையின் இரண்டாம் வரியிலிருக்கும் ஆண்டைக் கேட்கும். முதல் வினாவுக்குப் பாறையைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குப் பலகை போதும். மேலும், விடைகள் அமைத்தவரிடம் தனிக்கடிதமாகப் போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒரே பாறையை நூறு பேர் அளந்தால் அந்த நூறு அளவுகளின் சராசரி என்ன, சிதறல் என்ன என்று அவர்களுக்கே யாரும் திருப்பிச் சொல்வதில்லை. பூர்த்தியான ஒரு சோதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வீணாகிறது.

பொது இடத்தில் ஒளித்து வைப்பதன் விளைவுகளையும் சொல்லாமல் விடக்கூடாது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவு விடுதி அருகே ஒருவர் மறைத்த சிறு பெட்டியை வெடிகுண்டு என்று ஐயுற்று, இராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கச் செய்தார்கள். 2018 ஜூனில் பிராக் நகரில் நிலத்தடி நீர்வழிக்குள் தேடச் சென்றவர்கள் திடீர் மழை வெள்ளத்தில் சிக்கினர், உயிரிழப்பும் நேர்ந்தது. நிலத்தின் கடினம் 5 என்று குறிப்பவர், வானம் மாறினால் அது எத்தனையாகும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

பெட்டிகளை வைப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், புதிய பெட்டிகளைச் சரிபார்த்து ஏற்பவர்கள் ஆகிய எல்லாரும் ஊதியமின்றி உழைக்கும் ஆர்வலர்களே. பெரும் பட்டியலை வைத்திருப்பதோ சியாட்டில் நகரத்து வணிக நிறுவனம். சந்தா கட்டியவருக்கு மட்டும் தெரியும் பெட்டிகளும் உண்டு. அல்மரின் வாளிக்கு நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

பெட்டி தேட இயலாத வாசகர்களும் கடைசிப் பத்து மீட்டரை வீட்டு மொட்டைமாடியிலேயே அறியலாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். கைப்பேசியை அதன்மேல் வைத்து, அது காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் காலை, நண்பகல், மாலை என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். பாகையின் தசம வடிவில் காட்டினால், ஐந்தாம் தசம இலக்கத்தில் ஒன்று மாறுவது 1.1 மீட்டருக்குச் சமம். கிராஃப் தாளில் இருபத்தொரு புள்ளிகளையும் இடுங்கள். கூட்டத்தை விட்டு எங்கோ தள்ளி நிற்கும் புள்ளி ஒன்றிரண்டு வரும். அவற்றையும் அழிக்காமல் இட்டு, அன்று மேகமா, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி மறைத்ததா என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். பிறகு அதே சோதனையைத் தெருவிலுள்ள வேப்பமரத்தின் அடியில் செய்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.