கொழுப்பின் பேச்சைக் கேட்டவர்கள்

கொழுப்பு என்றால் மிஞ்சிய சத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்கு என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது. அது மூளையோடு பேசும் உறுப்பு என்று காட்டியவர்களின் பொறுமை என்னை வியக்க வைக்கிறது.

1949இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில், அளவின்றித் தின்று பெருத்த சுண்டெலிகள் கண்ணில் பட்டன. பிற்பாடு அங்கே டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளின் உடலை அறுவை செய்து இணைத்தார். ஒன்றின் ரத்தம் மற்றதிலும் ஓடியது. சாதாரண எலியோடு சேர்ந்த பருத்த எலி தீனியைக் குறைத்துக்கொண்டது. பசியை அடக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது, பருத்த எலியிடம் அது இல்லை என்றார் கோல்மன். அந்தப் பொருளைக் காணாமலே அவர் எட்டிய முடிவு அது!

நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்தப் பொருளை உருவாக்கும் மரபணுவை 1986 முதல் தேடியது. எலிகளைக் கலப்பினம் செய்வது, குட்டிகளின் டிஎன்ஏவை ஒப்பிடுவது, மரபணு இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குவது. எட்டு ஆண்டுகள் இதே வேலை. எந்த நாளிலும் கைதட்டல் கிடைக்காத உழைப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1994இல் மரபணு சிக்கியது. கொழுப்புத் திசுவே சுரக்கும் அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள்.

2010இல் கோல்மனும் ஃப்ரீட்மனும் லாஸ்கர் விருது பெற்றார்கள். மரபணு சிக்கியதை அறிவித்து ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையின் முதல் பெயர் யியிங் ஜாங். அந்தப் பெயரையும் சேர்த்தே நினைவில் வைக்க விரும்புகிறேன்.