மழைக்கு ஏறும் மலை, மழைக்கு இறங்கும் மலை

ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று தென்காசிக்குள் நுழைந்ததும், திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குற்றாலத்துக்குக் கூட்டம் கிளம்பிவிடும். அதே காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் மோதும்போது சிவனொளிபாதமலையில் ஆள் நடமாட்டம் ஏறக்குறைய நின்றிருக்கும். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரை மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடுகிறது. உச்சியில் இருந்த சமன் தெய்வத்தின் திருவுருவை ஊர்வலமாக இறக்கி, பெல்மடுல்லையை அடுத்த கல்பொத்தாவல விகாரையில் வைத்துவிடுவார்கள். படிக்கட்டு விளக்குகள் அணையும், தேநீர்க் கடைகள் எடுபடும். மழைக்காலத்தில் அந்த மலை மழைக்கே உரியது என்பதை அங்கே எந்தச் சட்டமும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை.

இரண்டு ஊர்ப் பழக்கத்துக்கும் காரணம் மலை நிற்கும் விதம். தென்காசிக்கு மேற்கே நிற்கும் தொடர் கனமழையைக் கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. கணவாயில் கசிந்து வருவது சாரல். வெயிலும் தூறலும் மாறிமாறி வரும் அந்தப் பருவத்தில் குடையில்லாமலே நடக்கலாம். மேலும் குற்றாலத்தில் மலையை அனுபவிக்க மலை ஏறவேண்டியதில்லை. சிற்றாறு அதைக் கீழே கொண்டுவந்து தலையில் கொட்டுகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பேரருவி நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் அதன் அடியில் மனிதர் நிற்க முடிகிறது. சிவனொளிபாதமலைக்கு அப்படி மறைப்பு எதுவும் இல்லை. கடலிலிருந்து வரும் காற்றை 2,243 மீட்டர் உயர மலை நேருக்கு நேர் வாங்குகிறது. நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இரவு முழுக்க ஏறுவது சூரிய உதயம் பார்க்கத்தான். ஜூலையில் ஏறினால் முகிலைத் தவிர எதுவும் தெரியாது.

குற்றாலத்திலும் ஏறுகிறவர்கள் இருந்தார்கள். பேரருவியில் குளித்த ஈரத்தோடு சிற்றருவி, அங்கிருந்து செண்பகதேவி, கால் தாங்கினால் தேனருவி என்று போய்வருவது சீசனின் ஒரு பகுதியாகவே இருந்தது. பாசி படிந்த பாறை, வேர் பிடித்து ஏறும் இடங்கள், இரண்டு பக்கமும் காடு. இப்போது அப்படி நினைத்தபடி போக முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளைப் பலிகொண்ட பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் குற்றாலம்–செண்பகதேவியும் ஒன்று. முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். நம் விதிகளை எழுத வைத்தது நெருப்பு. 2025 இல் பிப்ரவரி நடுவில் தடங்களை மூடியதும் காட்டுத்தீக்கு அஞ்சித்தான். இலங்கையில் நடையை நிறுத்துவது நீர். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் குற்றாலத்தில் உயிரை எடுப்பதும் நீர்தான்.

இலங்கை மலையில் மழையோடு நாள்தோறும் நடப்பவர்கள் யாத்திரிகர்கள் அல்லர், கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழர். அவர்களில் பலருடைய முன்னோர் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள். தலையில் மடித்துப் போட்ட கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்கும்தான் நெடுங்காலம் அவர்களுக்கு மழைச்சட்டை. கால் நிறைய அட்டை. 14ஆம் நூற்றாண்டில் இம்மலைக்கு வந்த இபன் பதூதாவே அட்டையைப் பற்றியும், அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் விழுந்துவிடும் என்பதைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். சாரலில் நடப்பது நமக்குப் பொழுதுபோக்கு. அதே மழையில் அவர்கள் நடந்தது அன்றைய 'பேரு'க்காக, அதாவது அன்றைய நாள் கூலிக்காக. மழைநடையைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

ஆபத்தை அளப்பதிலும் வேறுபாடு உண்டு. குற்றாலத்தில் அளவுகோல் கண். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. "ஆர்ச்சுக்கு மேல விழுது" என்றால் ஊருக்கே புரியும். இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைப் பார்த்து விழிப்பு, ஆயத்தம், வெளியேற்றம் என்று மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. எண்கள் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு 2014 அக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களே சாட்சி. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக வேறு வீடு இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஆனாலும் கண்ணை மட்டும் நம்புவது அதைவிடப் பலவீனமானது. 2024 மே 17, சீசன் இன்னும் தொடங்கவில்லை. மேலே காட்டில் பெய்த கோடைமழை பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீர் வெள்ளமாக இறங்கியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைமேல் பெய்யும் மழை அருவிக்கரையில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியும் வரத் தொடங்கும்போது ஓடுவதற்குச் சில நிமிடங்கள்கூட மிஞ்சாது. இலங்கையிடமிருந்து குற்றாலம் கேட்டு வாங்கவேண்டியது அந்த மழையளவுக் கணக்கை. சிற்றாறும் பிற ஓடைகளும் பிறக்கும் இடங்களில் மழைமானி இருந்து, அதன் அளவு எல்லை தாண்டியதும் ஒவ்வோர் அருவியிலும் சங்கு ஒலிக்கவேண்டும், அருவி கண்ணுக்கு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும்.