ஓநாயின் வாக்குமூலம்!

குற்றவாளி யார் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, பிறகு கதையைத் தொடங்குவது பழமையின் பழக்கம். காட்டிலே சிறுமி, கையிலே கூடை, வழியிலே ஓநாய் — இவ்வளவு சொன்னதுமே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது! ஓநாய் என்ன செய்தது என்று எவரும் கேட்பதில்லை. ஓநாயாகப் பிறந்ததே, அது போதாதா?

ஐரோப்பிய மக்களிடம் வாய்மொழியாய் வழங்கிய கதை அது. 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்லஸ் பெரோ அதனை அச்சேற்றினார். பாட்டியும் பேத்தியும் ஓநாய்க்கு இரையாயினர். அறியாதவரிடம் பேசும் பெண்ணுக்கு அழிவே என்று நீதியும் புகட்டினார். 1812-இல் ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரனை வரவழைத்து, ஓநாயின் வயிற்றைக் கிழித்து இருவரையும் மீட்டனர். முடிவு மாறிற்று, முறை மாறவில்லை. பெண் பேதை, கிழவி நோயாளி, காப்பவன் ஆண், கொடியவனோ பிறவியிலேயே கொடியவன்!

2005-இல் கோரி எட்வர்ட்ஸ், டாட் எட்வர்ட்ஸ், டோனி லீச் ஆகியோர் அளித்த 'ஹுட்விங்க்ட்' என்ற கார்ட்டூன் படம், இந்த முறையைத்தான் கேலி செய்கிறது. பழங்கதை முடியும் இடத்திலே படம் தொடங்குகிறது. பாட்டியின் வீட்டிலே ஓநாய், சிறுமி, கட்டுண்ட கிழவி, கோடரியோடு பாய்ந்த மரவெட்டி. காவலர் சூழ்ந்து கொள்கின்றனர். துப்பறியும் தவளை ஒன்று வருகிறது. நால்வரையும் தனித்தனியே கேட்கிறது.

கேட்டதும் என்ன தெரிகிறது? ஓநாய், பண்டம் செய்யும் குறிப்புகளைக் களவாடும் திருடனைத் தேடி அலையும் பத்திரிகையாளன்! மரவெட்டி, அந்த வேடத்துக்கு ஒத்திகை பார்த்த நடிகன். கிழவியோ, பனிமலையிலே சறுக்கி விளையாடும் வீராங்கனை. அதைப் பேத்திக்கும் தெரியாமல் மறைத்து வாழ்ந்தவள். முதுமை எய்திய பெண் மூலையிலே அமர வேண்டும் என்று உலகம் விதித்தால், அவள் தன் மகிழ்ச்சியைத் திருட்டுப் பொருள்போல் ஒளிக்கத்தானே வேண்டும்? சிரிப்பினூடே வைத்த இந்தக் குத்து, படத்தின் சிறந்த பகுதி.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1950-இல் எடுத்த 'ராஷோமான்' படத்திலே வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று மோதும். இங்கே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நால்வரும் சொன்னது மெய். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் கால்பங்கு மெய்தான். தவளை கூட்டிப் பார்க்கிறது. நான்கு கதையிலும் நடமாடியது ஒரு முயல்! அழகும் பணிவும் கொண்டு, எவர் ஐயத்துக்கும் ஆளாகாத முயல். தின்பண்டத் தொழில் முழுவதையும் தன் பிடிக்குள் அடக்கத் திட்டமிட்டது அதுவே.

குறையும் உண்டு. குறைந்த செலவிலே எடுத்த படம். உருவங்கள் மரப்பாச்சிபோல் விறைத்து நிற்கின்றன. அதைப் பொறுக்கலாம். முயல் அகப்பட்டதும் சிந்தனை ஓய்ந்து துரத்தல் தொடங்கிவிடுகிறதே, அதைப் பொறுப்பதெப்படி? ஓநாயை ஐயுற்ற கண்கள் முயலை ஏன் ஐயுறவில்லை என்று காட்டு மக்களைப் படம் கேட்கவே இல்லை. ஒரு முயலைச் சிறையிட்டால் போதுமா? பல்லைக் கண்டு பழி சுமத்தும் மனம் அப்படியே இருக்கிறதே!

மறுவிசாரணை நமக்குப் புதிதன்று. 'நீதி தேவன் மயக்கம்' நாடகத்திலே இராவணனைக் கூண்டிலேற்றி, அவன் வாயாலேயே வழக்காட வைத்தார் அறிஞர் அண்ணா. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்தது. 1948-இல் தடை செய்யப்பட்டது. 1971-இல்தான் தடை நீங்கிற்று. ஓநாய் வாக்குமூலம் அளித்தால் உலகம் கைகொட்டிச் சிரிக்கிறது. இராவணன் பேசியபோதோ, ஆட்சி நூலையே பூட்டிற்று! ஏன்? ஓநாய்க் கதையை நம்பி எவரும் பீடம் அமைக்கவில்லை. எவரும் உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்று வகுக்கவில்லை.

தோழர்களே! இப்படத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் கேட்கக் கற்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கதை சொன்னவன் யார்? வாய் திறக்க விடாமல் தண்டிக்கப்பட்டவன் யார்?