வாள் யாருக்கு, மந்திரம் யாருக்கு?

விளையாட்டைப் பற்றியெல்லாம் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். யார் கையில் ஆயுதம், யார் நாக்கில் மந்திரம் என்பது அதிகாரம் பற்றிய கேள்வி. அந்தப் பங்கீட்டை விதியாகவே எழுதிவைத்து, பிறகு திருத்தவும் செய்த ஒரு பிரதி உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நாலுபேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பேச்சாலும் பகடையாலும் கதை நடத்துகிற ஆட்டம்.

முதல் விதிநூலில் மந்திரவாதிக்குக் குத்துவாள் மட்டும்தான், கவசம் கிடையாது. வீரனின் தாக்குதிறன் மூன்று படிக்கு ஒருதரம் ஏறும், மந்திரவாதியினுடையது ஐந்து படிக்கு ஒருதரம். ஏன் இந்த ஓரவஞ்சனை? மந்திரம் தெரிந்தவனே வாளும் வீசினால் வீரனாக ஆடுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைப் புரட்டிப்போட்டது. பழகிய ஆயுதத்தில் எல்லா வகையினருக்கும் ஒரே தேர்ச்சி எண்: 2இல் தொடங்கி 6 வரை. சமத்துவம் வந்துவிட்டதா? அதுதான் இல்லை. வீரனுக்குக் கூடுதல் வீச்சுகள் கொடுத்து ஈடுகட்டினாலும், உயர்படி மந்திரவாதி காலத்தையே நிறுத்துகிறான். ஒருவன் எதிரியை வெட்டுகிறான். மற்றவன் களத்தையே மாற்றுகிறான். ஆயுதத்தில் சமம் என்பது அதிகாரத்தில் சமம் ஆகாது.

இதை வைத்துக்கொண்டு நம்ம பக்கத்துக் கதைக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளியின் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனிப் பகுதிகள் பழைய கொங்கைச் சேர்ந்தவை. கிழக்கே எல்லை தாண்டினால் மணப்பாறைப் பக்கம் வீரப்பூர், அண்ணன்மார் சாமிகளின் ஊர். உடுக்கடித்துப் பாடுகிற இந்தக் கதையை 1965இல் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார். கருணாநிதி நாவலாக்கினார், 2011இல் சினிமாவாகவும் வந்தது. சங்கருக்கு வாள். தங்கைக்கு, நடக்கப்போவதை அறிகிற, மாண்ட அண்ணன்களை எழுப்புகிற சக்தி. பறையர் என்று கதை சொல்லும் சாம்புவனுக்கு உடல்பலம். கொம்பன் என்ற காட்டுப்பன்றியைச் சாய்க்க, யாரும் மதிக்காத பொன்னாச்சி என்ற பெண்நாயின் பல் வேண்டியிருக்கிறது. ஆனால் பேர் என்னவோ பொன்னர்–சங்கருக்கு.

'ஆளுக்கொரு திறமை, எல்லாரும் சேர்ந்தால் ஒரு குடும்பம், இதுவும் சமநிலைதானே' என்பார்கள். இங்கேதான் உஷாராக இருக்கணும். வருணத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள் சொன்னதும் இதையேதான். அது வேலைப் பிரிவினை அல்ல, வேலைசெய்பவர்களைப் பிரிப்பது என்று 1936இலேயே அம்பேத்கர் அந்த வாயை அடைத்தார். காப்பியப் பிரதிகளைப் பாருங்கள். ஏகலைவன் வில் பழகினான், கட்டைவிரல் போச்சு. ராமாயணத்துச் சம்பூகன் தவம் செய்தான், தலையே போச்சு. ஒருத்தனுக்கு ஆயுதம் ஆகாது, ஒருத்தனுக்கு மந்திரம் ஆகாது. ஆனால் துரோணருக்கும் பரசுராமருக்கும் மந்திரமும் உண்டு, ஆயுதமும் உண்டு. அவர்களுக்கு மட்டும் எந்த விதிநூலும் குத்துவாளோடு நிறுத்தவில்லை!

மேசை ஆட்டத்தின் தடை, ஆடுகிற இன்னொருவனுக்கு இடம்விடப் போட்ட தடை. பாத்திரத்தை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார்; அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம்; விதி பிடிக்கவில்லையென்றால் சண்டையும் போடலாம். சாம்புவனுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை. தங்காளுக்கும் இல்லை. செத்த அண்ணன்களை எழுப்ப முடிந்தவள் கையில் கதை ஒரு கத்தியைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆகவே தோழர்களே, எந்தக் கதையாடலிலாவது, எந்த இயக்கத்திலாவது 'சமநிலை' என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கு எவ்வளவு பலம் என்று கணக்குப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். பங்கை யார் தேர்ந்தெடுத்தது? விதியை யார் மாற்றலாம்? ஜெயித்த பேர் யாருக்குப் போகிறது? அண்ணன்மார் கதையைச் சாம்புவன் பக்கம் உட்கார்ந்து, தங்காள் பக்கம் உட்கார்ந்து ஒருதரம் ஆடிப்பார்க்கட்டும் நம் நாடகக்காரர்கள். யார் முதலில் ஆட்சேபம் சொல்லி எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், இந்த விதிநூல் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துபோகும்.