வசனகர்த்தா விருத்தாசலம்

புதுமைப்பித்தனைச் சினிமா கொன்றுவிட்டது என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. 1948-ல் வெளிவந்த 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனா சென்றார், க்ஷயரோகத்துடன் திரும்பினார், அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் காலமானார். விவரம் சரி. தீர்ப்புத்தான் சரியாகப் படவில்லை. பத்திரிகைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாத ஒருவர் சினிமாவுக்குப் போனது குற்றமா? போன இடத்தில் அவரிடம் என்ன கேட்டார்கள் என்றல்லவா பார்க்க வேண்டும்?

1906-ல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் அவர். விருத்தாசலம் என்ற இயற்பெயரே அந்தச் சீமையின் ஒரு க்ஷேத்திரத்துப் பெயர். பிற்பாடு திருநெல்வேலிக்காரராகிவிட்டாலும், சிதம்பரத்துக் கதை அவரை விடவில்லை. 1934-ல் 'புதிய நந்தன்' எழுதினார். தில்லைத் தீயில் மூழ்கிய நந்தன் கதையை, காந்தி காலத்து ரயில் தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மறு வருஷமே கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்தது. 1942-ல் தண்டபாணி தேசிகரை வைத்து ஜெமினி மறுபடியும் எடுத்தது. இரண்டுக்கும் பழைய நந்தனே போதுமாயிருந்தான்.

புராணப் படம் என்ற இனத்தை நான் இளப்பமாக நினைக்கவில்லை. புராணம் நம் ஜனங்களுக்குத் தெரிந்த கதை. தெரிந்த கதையில்தான் தெரியாத கேள்வியைக் கேட்க முடியும். அந்த வித்தை புதுமைப்பித்தனுக்குக் கைவந்திருந்தது. 1943-ல் எழுதிய 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். 'பக்த குசேலா' 1936-ல் சினிமாவாக வந்தது. அதே தலைப்பில் இவர் எழுதிய நாடகமோ கலியுகத்துக் குசேலனைப் பற்றியது. 'காஞ்சனை'யில் பேயைக் காட்டாமலே நம்மைக் கதவைத் தாளிட வைக்கிறார். சம்பாஷணையோ, இரண்டே வரியில் ஆள் எழுந்து நிற்பான்.

இத்தனையும் கையிலிருந்தவரிடம் கேட்டது 'ஔவையா'ரும் 'காமவல்லி'யும். காலண்டர்ப் படத்துக்குப் பேச்சு எழுதும் வேலை! தாமே முதலாளியாகிவிட்டால் தீர்ந்துவிடும் என்று, பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் தொடங்கினார். குற்றாலக் குறவஞ்சியை ஒட்டி 'வசந்தவல்லி' எடுக்க நினைத்தார். அது படமாகவில்லை, கைப்பொருள்தான் கரைந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: சொந்தக் கம்பெனிக்குக்கூட அவர் அகலிகையையோ காஞ்சனையையோ எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டகைக்கு எது செல்லும் என்ற கணக்கு அவரையும் பிடித்துக்கொண்டது. இங்கே அவருக்காக நான் வாதாட மாட்டேன்.

அதே கடலூரில், மஞ்சக்குப்பத்தில், 1934-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். தம் கதையான 'உன்னைப்போல் ஒருவ'னைத் தாமே படமாக்கினார். யாருக்காகவும் அதை வளைக்கவில்லை. 1964-ம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் அதற்கு இடம் கிடைத்தது. கொட்டகைகளிலோ ஓடவில்லை.

ஆகவே, முதலாளிகளை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. டிக்கெட் வாங்கியவர்கள் நாம். புதுமைப்பித்தன் கதையை வீட்டில் படித்து மெச்சிவிட்டு, கொட்டகையில் பழைய நந்தனையே கேட்டவர்களும் நாம்தாம். அவருடைய சினிமா வாழ்க்கையை விமர்சிக்கிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.