இரட்டையர் இசையும் தனியர் இசையும்

‘பாசமலர்’ (1961), ‘கர்ணன்’ (1964) முதலிய படங்களை எம்.எஸ். விசுவநாதனின் படைப்புகள் என்று கூறிச் செல்வது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அப்படங்களுக்கு இசையமைத்தோர் இருவர். விடுபட்டுப் போகும் மற்றொரு பெயர் டி.கே. இராமமூர்த்தி. ஒருவர் பெயர் நிலைத்து மற்றவர் பெயர் தேய்ந்ததற்குக் காரணம், 1965க்குப் பின் இருவரும் தனித்தனியே நடந்த பாதைகளில் இருக்கிறது. அப்பாதைகளை ஒப்பிட்டு நோக்குவது இரட்டையர் காலத்துப் பாடல்களை நேர்மையுடன் மதிப்பிடவும் உதவும்.

இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் பணியாற்றியவர்கள். 1952இல் அவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற பணிகளை முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டே ‘பணம்’ படத்தின்வழி இரட்டையராயினர். இராமமூர்த்தி மூத்தவர், திருச்சிராப்பள்ளிக்காரர், வயலினில் தேர்ந்தவர். விசுவநாதன் பாலக்காட்டுப் பகுதியினர். ஆர்மோனியத்தில் மெட்டுகளை ஊற்றெனப் பெருக்கியவர். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தோடு இக்கூட்டு முடிவுற்றது. பிரிவின் காரணம் பற்றி உலவும் கதைகள் பல. திறனாய்வுக்கு அவை வேண்டா.

பிரிவுக்குப் பிந்திய கணக்கை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது. விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி தனித்து அமைத்த படங்களோ இருபதைத் தாண்டா. ஆகவே உண்மையான படைப்பாளர் விசுவநாதனே, இராமமூர்த்தி துணைவரே என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். இன்னும் சிலர், சாத்திரிய இசை இராமமூர்த்தியுடையது, மேனாட்டுப் பாணி விசுவநாதனுடையது என்று பங்கு பிரிக்கின்றனர். இவ்விரு கூற்றும் பாடல்களின் முன் நில்லா.

‘நான்’ (1967) படத்தை எடுத்துக்கொள்வோம். இசை இராமமூர்த்தி. நவநாகரிகத் துள்ளலும், நாட்டுப்புறச் சாமியாட்டத்தின் வெறியும் அப்படத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ‘மூன்றெழுத்து’ (1968), ‘தங்கச் சுரங்கம்’ (1969) ஆகியவற்றிலும் அவர் மேனாட்டுத் தாளங்களைத் தயக்கமின்றிக் கையாண்டார். மறுபுறம், ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் நான்கே சுரங்கள் கொண்ட மகதி இராகத்தில் விசுவநாதன் ஒரு பாடலை அமைத்தார். பாலமுரளி கிருஷ்ணா உருவாக்கிய இராகம் அது. மேனாட்டார் என்று ஒதுக்கப்பட்டவர் கருநாடக இசையின் நுட்பத்தைத் தொட, சாத்திரியர் என்று ஒதுக்கப்பட்டவர் ஆட்டப் பாடல்களில் திளைத்தார். பங்கு பிரிப்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

அவ்வாறாயின் வேறுபாடே இல்லையா? உண்டு. என் செவிக்கு அது இடையிசையில் புலனாகிறது. ‘மறக்க முடியுமா’ (1966) படத்தில் மு. கருணாநிதி எழுதி, பி. சுசீலா பாடிய காகித ஓடப் பாடலைக் கேட்டுப் பாருங்கள். துயரத்தைப் பெருக்கிக் காட்ட இராமமூர்த்தி முயலவில்லை; கருவிகள் குரலுக்குப் பின்னால் அடங்கி நிற்கின்றன. இரட்டையரின் சிறந்த சோகப் பாடல்களிலும் இதே அடக்கத்தைக் காணலாம். விசுவநாதனின் பிற்காலப் பாடல்களில் அது குறைந்து, வேகமும் புதுமையும் மிகுகின்றன. சிங்கப்பூரில் பெரும்பகுதி படமாக்கப்பட்டதும், ஓர் இசைக்குழுவின் கதையைக் கூறுவதுமான ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) அவ்வேகத்தின் உச்சம். அதை நான் குறையாகக் கூறவில்லை. எழுபதுகளின் இளைஞர்க்கு வேண்டியதை அவர் அறிந்து கொடுத்தார். ஆயினும் மிகுதியாக எழுதுவோர்க்கு நேரும் ‘கூறியது கூறல்’ அவரிடமும் உண்டு.

வாய்ப்பின் பங்கையும் மறத்தலாகாது. எம்.ஜி.ஆர்., ஸ்ரீதர், பாலசந்தர் போன்றோரின் தொடர்ந்த ஆதரவு விசுவநாதனுக்குக் கிட்டியது. கண்ணதாசனின் தோழமையும் உடனிருந்தது. இராமமூர்த்திக்கோ, இயக்குநர் டி.ஆர். இராமண்ணாவைப் போன்ற சிலரே அமைந்தனர். 1970க்குப் பின் அவர் பெயர் திரையில் அரிதாயிற்று. படங்களின் எண்ணிக்கை தேவையைக் காட்டும் அளவுகோல். அதைக் கொண்டு ஆற்றலை அளப்பது, பதிப்புகளை எண்ணிப் புலவர்களை வரிசைப்படுத்துவதை ஒக்கும்.

முப்பதாண்டுக்குப் பின், 1995இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். பெயர்கள் பழையபடி சேர்ந்து வந்தன. ஆனால் பழைய வெற்றி வரவில்லை. அதற்குள் இளையராஜாவின் காலம் வந்து, ரகுமானின் காலமும் தொடங்கியிருந்தது. இராமமூர்த்தி 2013இலும் விசுவநாதன் 2015இலும் மறைந்தனர். மாணவர் கலைநிகழ்ச்சிகளில் ‘பாசமலர்’ பாடலை அறிவிக்கும் ஆசிரியர்கள் இரு பெயரையும் சொல்ல வேண்டும். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நொடிதான்.